படப்பெட்டிக்கு மட்டும் புரண்ட மரம்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நாட்களில், தியாகதுருகத்துக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். நான் ஏறிய பஸ் காலையிலிருந்து அதன் முன்னால் நின்றது. காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா இறங்கிப் போய்க் கெஞ்சினார். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த தலைவர், "யானை வந்தாலும் இத்த நவுத்த முடியாதும்மா" என்றார்.

அவரேதான் பொம்மலாட்டக் குழு ஒன்றின் ரசிகர் மன்றத்துக்கும் தலைவர். பல வருடங்களுக்கு முன் ஒரே ஒரு படத்தில் வந்து ஊரையே கிறுக்காக்கிய அந்தப் பொம்மைகள், அன்றுதான் இரண்டாவது படத்தில் திரும்பி வந்தன. ஊர் சினிமாக் கொட்டகை வாசலில் பொம்மை ராஜாவுக்குக் கட்அவுட், ஆளுயர மாலை, பாலாபிஷேகத்துக்குக் குடம் எல்லாம் தயார்.

மதியம் படப்பெட்டியோடு ஒரு வேன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது.

"ராஜா வந்துட்டாருடா!" என்று தலைவர் குதித்து இறங்கினார். எங்கள் பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னார். யானைக்கு அசையாத மரம், ஒரு பீடி பிடிக்கும் நேரத்தில் புரண்டு வழிவிட்டது. பெட்டிக்குக் கற்பூரம் காட்டி, விசிலடித்து வேனை அனுப்பினார்கள்.

எங்கள் டிரைவரும் ஆசையாக வண்டியைக் கிளப்பினார். அதற்குள் மரம் பழைய இடத்துக்கே உருண்டு வந்துவிட்டது.

"நீ இன்னாத்துக்குய்யா ஸ்டார்ட் பண்ற?" தலைவருக்கு நிஜமாகவே கோபம். "போராட்டம் நடந்துக்கினு இருக்குறது கண்ணுக்குத் தெரியல?"