பிறக்கும் முன்னே தைத்த துணி

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி ஸ்டெல்லா. ஆஸ்டின் டவுனிலிருந்து வந்திருந்த என் அக்கா ஞானம். கீழ் வீட்டு சாவித்ரம்மா. அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர், கன்னடக்காரர். ஸ்டெல்லாவின் வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று அன்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

போன வருடம் ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை. நாங்கள் இருக்கிற நீலசந்திராவில் நாலைந்து நாளாகத் தூறல் விடவில்லை. நான் பெயிண்டர். வெளிச்சுவர் வேலை நின்றுபோனதால் வீட்டில் இருந்தேன். ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்து, பிள்ளை அசையவில்லை என்றாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். இடது பக்கமாகப் படுத்தாள். நான் கை வைத்துப் பார்த்தேன். அக்கா வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. ஏழாவதோடு படிப்பு நின்றது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். கூட்டிச் சொல்லவில்லை.

முதலில் பழையதைச் சொல்ல வேண்டும். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன.

முதல் பிள்ளைக்கு எல்லாம் வாங்கினோம். கொசுவலை வைத்த சின்ன மெத்தை, கவுன், சாக்ஸ், பெரிய டயப்பர் பாக்கெட். ஒன்பதாம் மாதம் வயிற்றிலேயே இறந்துவிட்டது. அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கினவள் ஞானம் அக்காதான். நாங்கள் வெறும் கையோடு வீட்டுக்கு வந்தோம். மெத்தை விரித்தபடி இருந்தது. அக்கா எல்லாவற்றையும் ஒரு கோணியில் போட்டுக் கட்டி எடுத்துப் போனாள். அன்றைக்கு அவள் சொன்னாள், பிறக்கும் முன்னே வாங்கினதுதான் தப்பு என்று. நம் பெரியவர்கள் சொல்லிவைத்ததுதான் அது. பிள்ளை முகம் பார்க்காமல் ஒரு முழத் துணிகூட எடுத்துவைக்கக் கூடாது.

இரண்டாவதற்கு ஒன்றும் வாங்கவில்லை. ஐந்தாம் மாதம் அதுவும் போனது.

மூன்றாவது உண்டானபோது நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்தில் மட்டும் சொன்னோம். எல்லோரும் எங்களுக்காக ஜெபித்தீர்கள். நானும் ஜெபித்தேன். வாயில் "கொடும் ஆண்டவரே" என்பேன். மனதுக்குள், கொடுத்தால் பார்க்கலாம் என்று இருப்பேன். அதுதான் என் விசுவாசம்.

ஸ்டெல்லா கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்த்தவள். ஆறாம் மாதத்தோடு நின்றுவிட்டாள். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது என் பழைய வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். என்ன இது என்றேன். பிள்ளைத் துணி என்றாள்.

மாதச் செக்கப்பில் நர்ஸ் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை எடை குறைவாகப் பிறக்கலாம், தோல் மெல்லிசாக இருக்கும், துவைத்துத் துவைத்துக் கட்டுகிற துணி நல்லது, முன்னாலேயே தயாராக வையுங்கள் என்று. ஸ்டெல்லா அதைப் பிடித்துக்கொண்டாள்.

நான் வேண்டாம் என்றேன். பிறந்த பிறகு தைக்கலாம் என்றேன். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டாவதுக்கு ஒண்ணுமே வாங்கலையேங்க. அது மட்டும் நின்னுச்சா?"

நான் வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே சொன்னாள்.

"தெனமும் குடுங்க குடுங்கன்னு கேக்கறோம். குடுத்தா எதுல சுத்தறது?"

மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தத் துணியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். என் கை படாவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு கணக்கு. விசுவாசி இப்படி நினைக்கலாமா என்று கேட்கலாம். நினைத்தேன்.

அவள் வேலை சுத்தம். வேட்டித் துணி இரண்டு மடிப்பு, நடுவில் பழைய துண்டைத் திண்டு மாதிரி வைத்துத் தைத்தாள். இழுத்துக் கட்ட நாடா. ஊக்கு வேண்டாம், குத்தும் என்றாள். துடைக்கிறதற்கு உள்ளங்கை அளவில் தனியாகச் சின்னத் துணிகள். அதற்குப் பெயிண்ட் கடையில் விற்கிற பனியன் வேஸ்ட் கேட்டாள். பனியன் கம்பெனியில் மிஞ்சின வெட்டுத் துணி, நாங்கள் கை துடைக்க வாங்குவது. புதுக் கட்டு, வெள்ளை மட்டும் என்றாள். மறந்துபோச்சு, மறந்துபோச்சு என்று நாளைக் கடத்தினேன். பிறகு வாங்கிவந்து பையோடு வாசலில் வைத்தேன். வெந்நீரில் போட்டு நாலு தடவை அலசினாள். அப்போதுதான் தண்ணீரை இழுக்கும்.

அளவு பார்க்கப் பிள்ளை இல்லையே. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குக் கட்டிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஞானம் அக்கா உள்ளே வந்தாள்.

"ஏன்டி, பாட்டிலுக்குக் கோமணமா? அது என்ன, ஒண்ணுக்கா போவப் போவுது?"

ஸ்டெல்லா பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிக் காட்டினாள். "போவுது பாருங்க அண்ணி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் போகும்போது படிக்கட்டில் என்னை நிறுத்தி அழுதாள். இன்னொரு கோணி கட்ட என்னால ஆவாதுடா என்றாள்.

சபையில் சில சகோதரிகளும் அதையே சொன்னார்கள். விசுவாசம் வேறு, இது வேறு என்றார்கள். பாஸ்டர் ஐயாவிடம் கேட்டேன். அவர் தைக்கவும் சொல்லவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. சேர்ந்து ஜெபிப்போம் என்றார்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

எடுத்துவைத்த துணியில் ஈரவாடை வருகிறது என்று முந்தின நாள்தான் ஸ்டெல்லா எல்லாவற்றையும் மறுபடி துவைத்து மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே காயப்போட்டிருந்தாள். தூறலில் காயவில்லை. கொடி முழுக்கத் தொங்கியது. பிள்ளை அசையவில்லை என்றதும் அக்கா முதலில் மேலேதான் பார்த்தாள்.

"முதல்ல அந்தத் துணிய எறக்குடா," என்றாள்.

சாவித்ரம்மா அவளை அதட்டினார். துணி அப்புறம், ஆட்டோ பிடி என்று என்னைத் தள்ளினார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். இதயத் துடிப்பு இருக்கிறது, ஆனால் இறங்கிக்கொண்டே போகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டேன்.

ஓடி வந்ததில் ஒன்றும் எடுத்துவரவில்லை. பிள்ளைக்குச் சுத்தமான பருத்தித் துணி கொண்டுவாங்க என்று நர்ஸ் சொன்னார். ஸ்டெல்லாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தாள்.

"கொடியில இருக்கு. கொண்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கதவு மூடியது.

அக்கா கேட் வரை என்கூட வந்தாள். அதைக் கொண்டுவராதே என்றாள். பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே கடையில் புதுசாக இரண்டு வாங்கிக்கொள்ளலாம் என்றாள். என் காலில் விழாத குறை. இரண்டு பேருமே பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். நான் ஆட்டோவில் ஏறினேன். எங்கே போகணும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். வீட்டுக்கு என்றேன்.

மாடிக்குப் போனேன். முதல் தடவையாக அந்தத் துணியைத் தொட்டேன். ஈரம். பிழிந்தால் சொட்டாது, ஆனால் பிள்ளைக்குக் கட்ட முடியாது. வானம் கறுத்துக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இதை எடுத்துக்கொண்டு போய், அங்கே பிள்ளை இல்லை என்றால் மறுபடி இதை எப்படித் தூக்கிக்கொண்டு திரும்புவது? அந்த ஒரு பயம்தான். அதற்குத்தான் இத்தனை மாதம் தொடாமல் இருந்தேன்.

அப்போது ஒன்று புரிந்தது. யாரும் காதில் வந்து சொல்லவில்லை. தரிசனம் எதுவும் இல்லை. நான் இத்தனை மாதமும் ஜெபமே பண்ணவில்லை என்று புரிந்தது. ஸ்டெல்லா பண்ணினாள். இந்தக் கொடியில் தொங்குவதுதான் அவள் பண்ணின ஜெபம்.

துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். சாவித்ரம்மா வாசலில் நின்றார். இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்றேன். அவர் உள்ளே கூப்பிட்டார். கட்டில்மேல் கம்பளியை விரித்து, பெட்டியைச் சூடு பண்ணிக் கொடுத்தார். நான் தேய்த்தேன். அவர் மடித்தார். எனக்கு இஸ்திரி போட்டுப் பழக்கம் இல்லை. முதல் துணியின் ஓரம் கருகியது. ஆவி முகத்தில் அடித்தது. சத்தமாகவே சொன்னேன்.

"ஆண்டவரே, இத நான் ஒலத்தறேன். அதை நீர் பாத்துக்கும்."

ஒவ்வொரு துணிக்கும் அதையேதான் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. சாவித்ரம்மாவும் அவர் சாமியிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "யோச்னெ மாட்பேடப்பா" என்றார். கவலைப்படாதே என்று அர்த்தம். கட்டுகிற துணி, சுற்றுகிற துணி, துடைக்கிற துணி எல்லாவற்றையும் பையில் போட்டு, பையை என் ஜெர்கினுக்கு உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். தூறலில் நனையக்கூடாது என்று.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அக்கா கதவோரத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அழுதுச்சுடா," என்றாள். "ஒரே ஒரு தடவ. அப்புறம் சத்தமே இல்ல."

கதவு திறந்தது. ஸ்டெல்லாவோடு வந்தவர் யார், துணி எங்கே என்று நர்ஸ் கேட்டார். பிள்ளை ரொம்பச் சின்னது, சில்லென்று இருக்கிறது, குளிர்ந்த துணி உதவாது என்றார். ஜெர்கினைத் திறந்து பையைக் கொடுத்தேன். அவர் ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்கே."

இப்போதுதான் இஸ்திரி போட்டேன் என்றேன். நல்ல காரியம் பண்ணீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு மறுபடி மூடியது.

அங்கே நின்ற நேரத்தை என்னால் எழுத முடியாது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளேயிருந்து அழுகை கேட்டது. நிற்காமல் கேட்டது. கோபமான அழுகை. அக்கா பிடியை விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்து, பெண் பிள்ளை, சூடு ஏறுது, தாயும் நல்லா இருக்காங்க என்றார். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மிச்சத் துணியையும் குடுத்துட்டியா? மாத்தறதுக்கு வேணுமே."

ஏன் சூடாக இருந்தது? காயாததால். காய்ந்திருந்தால் அப்படியே சுருட்டிக்கொண்டு போயிருப்பேன். ஜில்லென்று போயிருக்கும். நான் அந்தத் தூறலைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் எதைக்கொண்டு வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரிவதில்லை.

பிள்ளை இரண்டு கிலோகூட இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கடையில் விற்கிற ஆகச் சின்ன டயப்பர் நெஞ்சு வரை வந்தது. ஸ்டெல்லா தைத்த துணியை இன்னொரு மடிப்பு மடித்துக் கட்டினார்கள். சரியாக இருந்தது. துடைப்பதற்கும் வாசனை போட்ட ஈரத்தாள் பாக்கெட் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த அந்தப் பனியன் துணியே போதும் என்றார்கள். தோல் ஒரு இடத்தில்கூடச் சிவக்கவில்லை.

கிருபா என்று பெயர் வைத்தோம்.

துணி தைத்ததால் பிள்ளை பிழைத்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் பிள்ளைக்கும் மெத்தை விரித்துத்தான் வைத்திருந்தோம். அந்த இரண்டு பேரை ஏன் கொடுக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆனாலும் ஆண்டவர் நல்லவர் என்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்னில் மாறினது இது. பிள்ளைத் துணியை இப்போது நான்தான் துவைக்கிறேன். காலையில் வேலைக்குப் போகும் முன், கையில் பெயிண்ட் படும் முன். அழுக்கை அலசி, வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, நுரை போகும் வரை அலச வேண்டும். வெயில் இருந்தால் மாடி, இல்லாவிட்டால் ஃபேனுக்குக் கீழே. குழாயடியில் நிற்கிறவர்கள், "என்ன மேஸ்திரி, லாண்டரி வெச்சிட்டியா?" என்கிறார்கள். ஆமா என்கிறேன். அந்த நேரம்தான் என் ஜெப நேரம். கை ஈரமாக இருக்கும்போது எனக்குப் பொய் ஜெபம் வருவதில்லை.

ஞானம் அக்கா போன மாதம் தன் இரண்டு நூல் புடவையைக் கொண்டுவந்து போட்டாள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம். அவளும் ஒன்று இழந்தவள், துணி எடுக்கப் பயப்படுகிறாள். ஸ்டெல்லா அவளை உட்காரவைத்துத் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நாடா வெட்டுகிறாள்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. நீங்கள் பிள்ளைக்காகக் கேட்கலாம், வேலைக்காகக் கேட்கலாம், ஒரு நோய் தீரக் கேட்கலாம். கேட்டுவிட்டு என்னைப் போல் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். உங்களால் ஆன சின்ன வேலையை இன்றைக்கே தொடங்குங்கள். பயம் இருக்கட்டும். பயத்தோடே தொடங்குங்கள். மீதியை அவரிடம் விடுங்கள்.

பிள்ளை இப்போது குப்புற விழுகிறாள், தவழப் பார்க்கிறாள். நேற்று தடுப்பூசிக்குக் கொண்டுபோனோம். தராசில் வைத்தார்கள். துணியை அவிழ்த்துவிட்டு வையுங்கள் என்றார் நர்ஸ். அவிழ்த்துவிட்டு வைத்தோம்.

ஏழு கிலோ நூறு.