மச்சானின் துவக்கும் மாமன் தண்ணீரும்

புலம்பெயர்ந்து வந்து பியர்பொன்ட்ஸில் துவக்குத் திருத்துகிற அருமைராசாவுக்குக் கோபம் வர அதிகம் தேவையில்லை. ஆனால் அன்று வந்த கோபத்தில் ஒரு பிழையும் இல்லை. தங்கை நிரஞ்சனியின் புருசன் பேரின்பநாதன், "லீவர் இறுகுது மச்சான், கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தா" என்று பழைய றைபிள் ஒன்றை நீட்டினான். திறந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மூஸ் மான் வேட்டைக்கென்று, இன்னும் பலமான தோட்டா போடுகிற மாதிரி மாற்றித் தரச் சொல்லி, கோடையில் அவன் கொண்டுவந்த அதே துவக்கு. லீவர் றைபிள்களை அப்படி மாற்றுவதுதான் அருமைராசாவின் பிழைப்பே. ஆனால் உடம்பு தாங்குகிற துவக்குக்குத்தான் அதைச் செய்யலாம். இது கிழட்டு இரும்பு, ஏலாது என்று அப்போதே முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருந்தார். மச்சான் விட்டானா? லாவலில் கார் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிற றொக்சனிடம் கொண்டுபோய், தோட்டா உட்காருகிற இடத்தை அகலக் குடைவித்திருக்கிறான். தோட்டா உள்ளே போனால் போதுமாம்! சுட்டுமிருக்கிறான். உள்ளிருந்து எடுத்த வெற்றுத் தோட்டாக் கோது அடியில் வீங்கி, சுற்றிவர வெடித்துக் கிடந்தது.

"எத்தினை வெடி வைச்சனி?"

"மூண்டுதான். சும்மா பீரங்கி மாதிரி மச்சான்!"

"பக்கத்தில ஆர் நிண்டது?"

"நிரஞ்சனி. வீடியோ எடுத்தவ."

அருமைராசா வெடித்த கோதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"விசரா! இன்னுமொரு வெடி வைச்சிருந்தா இந்த இரும்பு உன்ர கண்ணுக்குள்ளால வந்திருக்கும். அவளின்ர கண்ணுக்குள்ளாலயும். இது இனி உன்ர கைக்கு வராது."

"வராதோ? அரைவாசிப் பியர்பொன்ட்ஸுக்கு இறைச்சி தாறன் எண்டு சொல்லிப்போட்டன். நீ உன்ர எரிச்சலில கதைக்கிறாய். றொக்சன் செய்திட்டான் எண்ட எரிச்சல்."

"எரிச்சலோ?"

"ஓம். கேட்டுக்கொள். துவக்கு வராட்டி, என்ர பிள்ளை கஜந்தினியின்ர சாமத்தியவீட்டுக்கு மாமனும் வரவேண்டாம். தண்ணி வாக்க நான் வேற ஆள் பாக்கிறன்."

அது சுட்டது. பெரியபிள்ளையான பெண்ணுக்குத் தாய்மாமன்தான் முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். நிரஞ்சனிக்கு அவரை விட்டால் வேறு சகோதரம் இல்லை. மருமகளுக்குக் கூறைக்கடையில் சேலைகூட எடுத்து வைத்தாயிற்று.

அருமைராசா துவக்கை மேசைக் கிடுக்கியில் இறுக்கினார். மச்சான் பார்த்துக்கொண்டிருக்கவே, இரும்பு அரிகிற வாளால் அதன் நடு உடம்பை இரண்டாக அரிந்து போட்டார். பேரின்பநாதன் தூசணத்தில் ஏசிக்கொண்டு போனான்.

அழைப்பு வரவில்லை. ஆனாலும் போனார். கர்க்லாண்ட் மண்டபத்து வாசலில் பேரின்பநாதன் கையைக் குறுக்கே வைத்தான்.

"உன்னை ஆர் கூப்பிட்டது?"

"நான் உன்ர விருந்தாளி இல்லை. பிள்ளையின்ர மாமன்."

சத்தம் கேட்டு நிரஞ்சனி ஓடி வந்தாள். புருசனின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"அண்டைக்கு நீங்கள் வெடி வைக்கேக்க நான் எல்லோ பக்கத்தில நிண்டனான்? அண்ணை, நீங்கள் உள்ள வாங்கோ. சண்டை மட்டும் வேண்டாம்."

கஜந்தினியின் தலையில் அருமைராசா முதல் தண்ணீரை வார்த்தார். நிமிர்ந்தால், முன் வரிசையில் வேட்டி கட்டிக்கொண்டு றொக்சன். பிள்ளையின் தகப்பனைக் குருடாக்கப் பார்த்தவனுக்கு முன்கதிரை, பலகாரத் தட்டு! நேரே அவனிடம் போனார்.

"இப்பிடி இன்னும் எத்தினை துவக்கு குடைஞ்சு குடுத்தனீர்?"

"ரெண்டுதான் அண்ணை. ஒருத்தரும் குறை சொல்லேல்ல."

"சொல்ல உயிர் வேணுமே! அவையின்ர நம்பரை எடும். இப்பவே!"

"சாப்பிட்டிட்டுப் பேந்து..."

"பேந்து இல்லை!"

றொக்சன் தட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்து அழைத்துக் கொடுத்தான். முதல் ஆள் இல்-பிசாரில் இருக்கிற வெள்ளைக்காரன். அருமைராசா தெரிந்த பிரெஞ்சில், நனைந்த சட்டைக் கையோடு, அந்தத் துவக்கைத் தொடவேண்டாம் என்று மேளச் சத்தத்துக்கு மேலால் கத்தினார். நீ யார் எனக்குச் சொல்ல என்று அவன் திருப்பிக் கத்தினான். அருமைராசா இன்னும் உரத்துச் சொன்னார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.