முளைத்த கத்தரி

ஒக்கலிபுரம் தாரணிக்கு ஆராய்ச்சி வயலில் வேலை. அங்கே போட்டிருந்த மரபணு மாற்றிய கத்தரியைச் சோதனை முடிந்ததும் பிடுங்கி எரித்தாகிவிட்டது. அதோடு விட்டதா என்றால், இல்லை. உதிர்ந்த விதையிலிருந்து ஒரு செடிகூட வெளியே பரவக் கூடாதென்கிறது சட்டம். அதனால் வெறும் மண்ணைத் தினமும் குனிந்து தேடி, தானாக முளைத்த கத்தரியையெல்லாம் வேரோடு பிடுங்கித் தீயில் போடுவாள்.

அன்று சாயங்காலம் இடுப்பொடிய வீடு திரும்பியவள், வாசல் பக்கெட்டில் துளிர்த்திருந்த கத்தரிக்கன்றைப் பிடுங்கினாள். நேரே உள்ளே போய், காஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தீயில் காட்டினாள்.

கணவன் ரகு பார்த்துக்கொண்டே இருந்தான். "இன்னா தாரணி, நீ கடைல வாங்கிப் போட்ட விதைதானே அது? காலைலகூட தண்ணி ஊத்துனியே" என்றான்.

தாரணி கருகிய வேரைப் பார்த்தாள்.

"முளைச்சிருந்துச்சு" என்றாள்.