பரீட்சை முடியும்வரை சொல்லாதே

எழுபதுகளில் வடகரப்பதிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வின் முதல் நாள், காலை ஒன்பது பத்துக்கு என்று டைரியில் குறித்திருக்கிறேன், என் மாணவி சரசு அழுதுகொண்டே வந்து, தான் வயதுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். வீட்டுக்குத் தெரிந்தால் பதினாறு நாள் ஓலைக் குடிசையில் உட்கார வைத்துவிடுவார்கள், தேர்வு போய்விடும்.

"பரீட்சை முடியற வரைக்கும் அம்மாகிட்ட சொல்லாத கண்ணு" என்று துணி கொடுத்துத் தேர்வு எழுத அனுப்பினேன்.

எல்லாத் தேர்வுகளையும் எழுதிவிட்டு, சரசு வீட்டில் சொன்னாள். மறுநாள் அவள் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க டீச்சர், நான் பரீட்சைய நிறுத்தீருவேன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

"ஊர் வழக்கம்..." என்று இழுத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? வவுத்து வலியோட எம்பட புள்ள எட்டு நாளு எம்பக்கத்துலயே படுத்திருந்துதுங்க. எனக்குத் தெரியலீங்களே."

சரசு பின்னர் தேர்ச்சி பெற்றாள். ஆனால் தெரிந்திருந்தால் அந்த அம்மா உண்மையில் அவளைத் தேர்வுக்கு அனுப்பியிருப்பாரா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அந்த அம்மா வந்துபோன அன்று மாலை என் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். "வீட்ல சொல்லக் கூடாதுன்னு டீச்சர் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லையேம்மா" என்றாள். நம்புவதா என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.