வரைபடத்தில் நனையாத குடியிருப்பு

பெலோட்டாஸ் நகரத்தில் ஜுசாராவுக்குச் சண்டைக்காரி என்று பெயர். பஸ் டிரைவர் மகள். டப்பாவில் அடைக்கும் பீச் பழத்துக்குக் கணினியில் லேபிள் வரைந்து பிழைத்தவள், அந்தப் பழக்கத்திலேயே நிரல் எழுதவும் கற்று, வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். ஒரு கோடு பிசகினாலும் விடமாட்டாள். அதிகாரியானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

அன்று காலை ஏரி ஏற்கெனவே கரை தொட்டு நின்றது. மாலைக்குள் காற்று தெற்கிலிருந்து அடிக்கும் என்றார்கள். அப்படி அடித்தால் தண்ணீர் கடலுக்கு இறங்காது, ஊருக்குள் ஏறும். எந்தத் தெரு முழுகும் என்ற வரைபடத்தை வானொலிக்கு அனுப்பிவிட்டு, தலைவர் வல்தோமிரோ மாத்தே தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்தார்.

“சார், ஜூங்கோஸ் குடியிருப்பு வெள்ளையா இருக்கு” என்றாள் ஜுசாரா.

“நல்லதுதானே. தண்ணி வராது.”

“அது பள்ளம் சார். கணக்கைப் பார்த்தேன், இடுப்பளவு தண்ணின்னு வருது. கணக்கு சரி, படம்தான் பொய் சொல்லுது.”

வல்தோமிரோ குடுவையைக் கீழே வைத்தார். “கடவுளே! பக்கத்துத் தெரு ஆளுங்களை அங்கதானே போகச் சொல்லியிருக்கோம்!”

வானொலிக்கு அழைத்து அறிவிப்பை நிறுத்தினார். ஆனால் தப்பு அந்த ஒரு இடத்தில் மட்டும்தானா? எந்தத் தெருவை நம்புவது?

படம் வரைவது எதேகார் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் எழுதிய திறந்த மூல லைப்ரரி. புள்ளிகளையும் வளைவுகளையும் கொடுத்தால் எந்த அளவிலும் படமாக்கித் தரும் நிரல் தொகுப்பு. போன வாரம்தான் அலுவலகத்தில் யாரோ புதுப் பதிப்பைப் பழையதன் மேலேயே போட்டிருந்தார்கள். பழையது போயே போச்சு. எதேகாரின் இணையப் பக்கத்தில் ‘புதியது’, ‘கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று ஜிப் கோப்புகள் குவிந்து கிடந்தன. எதற்குப் பின் எது என்று அவருக்கே வெளிச்சம்.

ஜுசாரா எல்லாவற்றையும் இறக்கி, உள்ளே இருந்த தேதிகளைப் பார்த்து, பதிப்புகளின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் வரிசையாக ஏற்றத் தொடங்கினாள். அப்போதுதான் எந்த மாற்றம் எப்போது நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியும்.

“நீ ஒண்ணொண்ணா அடுக்கி முடிக்கிறதுக்குள்ள காத்து திரும்பிடும்!”

“அடுக்காம தேடுனா நாளைக்கும் கிடைக்காது. தள்ளி நில்லுங்க சார், வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

நடுப் பதிப்பை எடுத்து வரைந்தாள்: ஜூங்கோஸ் சிவப்பு. அதற்குப் பிந்தியதில் வெள்ளை. இடையில் ஒரு பதிப்பைக் காணோம். எதேகாருக்குப் போன் போட்டு, கிட்டில் ஏற்றுவதைச் சொன்னாள்.

“யாரைக் கேட்டு என் லைப்ரரியைக் கொண்டுபோய் கிட்ல வச்ச?”

“யாரும் எடுத்துக்கலாம்னு உரிமத்துல நீங்கதான எழுதியிருக்கீங்க, புரொபசர்? சண்டையை அப்புறம் போடலாம். ஜூங்கோஸ்ல ஜனங்க உட்கார்ந்திருக்காங்க. நடுவுல ஒண்ணு குறையுது, குடுங்க.”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் கோப்பு வந்தது.

அதையும் ஏற்றி, முந்திய பதிப்போடு உள்ள வித்தியாசத்தைத் திறந்தாள். சில வரிகள்தான். படம் சீக்கிரம் வரட்டும் என்று, மிக நெருக்கமான புள்ளிகளை விட்டுவிடச் சொல்லியிருந்தார் எதேகார். குறுகலான கால்வாய் வளைவின் புள்ளிகள் உதிர்ந்து, வெள்ள எல்லை நேர்கோடாகி, குடியிருப்பு வெளியே விழுந்திருந்தது. மக்களுக்குக் கைபேசியில் எச்சரிக்கைப் படம் அனுப்பும் வசதி புதுப் பதிப்பில்தான் இருந்தது. அதனால் அதிலிருந்து அந்த வரிகளை மட்டும் நீக்கி மறுபடி வரைந்தாள். ஜூங்கோஸ் சிவந்தது. பள்ளிக்கூடத்துப் பின்தெருவும் கூடவே சிவந்தது. அதை யாரும் கவனித்திருக்கவே இல்லை.

லாரிகளும் மீனவர் படகுகளும் போயின. வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்தபோது காற்று திரும்பியது. கோழிகள் போயின, கட்டில்கள் மிதந்தன. ஆள் சேதம் இல்லை. ஜுசாரா கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டு அழுதாள்.

தண்ணீர் வடிந்த பிறகு எதேகார் அழைத்தார். “கிட்ல பார்த்தேன். என் இத்தனை வருஷ வேலையும் ஒரே காலையில நீ செஞ்ச மாதிரி காட்டுது.”

சண்டைக்காரி பதிவைத் திறந்து பார்த்தாள். அவசரத்தில் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே ஏற்றியிருந்தாள்.

“தப்புதான், புரொபசர். உங்க பேரு, பழைய தேதியோட திரும்ப ஏத்துறேன். புள்ளியை விட்ட அந்தத் தப்பை மட்டும் உங்க பேரு இல்லாம...”

“அதையும் என் பேர்லயே போடு” என்றார் அவர்.