விமானத்தின் மேல் விழுந்த ஊர்ப்பெயர்

செய்தியைத் தங்கமக்காதான் சொன்னார். காலையில் பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "மாஸ்டர், மங்கை போயிட்டாள். தேத்தண்ணி கொண்டு போனன், எழும்பேல்லை. முகத்திலை ஒரு நோவும் இல்லை. நீங்கள் வாங்கோ." அவ்வளவோடு வைத்துவிட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தண்ணீர்க் குழாயை மூடவில்லை என்பது பின்னேரம் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. முற்றம் முழுவதும் வெள்ளமாய்க் கிடந்தது.

மங்கையர்க்கரசி ரீச்சரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? அவர் விஞ்ஞானம், நான் சரித்திரம். எங்கள் வகுப்பறைகளுக்கு நடுவே ஓர் அரைச்சுவர்தான் இருந்தது. நான் படிப்பிப்பதை நிறுத்திவிட்டு அவர் பாடத்தைக் கேட்ட நாட்கள் உண்டு. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருநாள் அவர் கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் ஒரு விளிம்பை வாயருகே பிடித்துக்கொண்டார். மற்ற விளிம்பு கீழே தொங்கியது. "இப்ப நான் மேலாலை ஊதப் போறன். தாள் என்ன செய்யும்?" பிள்ளைகள் எல்லாரும் "கீழை போகும் ரீச்சர்" என்றார்கள். அவர் ஊதினார். தாள் மேலே எழுந்து அப்படியே நின்றது. என் வகுப்புப் பிள்ளைகளும் சுவரின் மேலால் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "இவ்வளவுதான் பிள்ளையள். இதைப் பெரிசாச் செய்தால் முந்நூறு பேரைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டலாம்" என்றார். எத்தனையோ வருடமாக அதே பாடம். ஆனாலும் தாள் எழும்போது அவர் முகம், அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவரின் முகமாகவே இருக்கும்.

அந்த ஆச்சரியம் போரின்போதும் அவரை விட்டுப் போகவில்லை. இதை இன்றுவரை என்னால் முழுதாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. பொம்மர் சத்தம் கேட்டால் பிள்ளைகளை வரிசையாகப் பங்கருக்குள் இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் அவர் இறங்குவார். ஒருமுறை உள்ளே இருட்டில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே கேட்டாள்: "ரீச்சர், உந்தப் பிளேனை ஏன் கண்டுபிடிச்சவை?" மண் உதிர்ந்துகொண்டிருந்தது. ரீச்சர் நிதானமாகச் சொன்னார்: "கண்டுபிடிச்சவை ஆகாயத்தைப் பாக்கத்தான் ஏறினவை, பிள்ளை. குண்டு பிறகுதான் ஏறினது."

இதைச் சொன்னபோது அவருடைய அண்ணன் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மயிலிட்டியில் வள்ளங்களின் இயந்திரம் திருத்திக்கொண்டிருந்தவர் அவர். பலாலி ஓடுபாதை பக்கத்தில் என்பதால், அண்ணனும் தங்கையும் சிறுவயதில் விமானம் இறங்குவதைப் பார்க்கவென்றே ஓடுவார்களாம். இருவருமாகச் சேர்ந்து விமானப் படம் போட்ட தபால் முத்திரைகளைச் சேர்த்து ஓர் அல்பம் தொடங்கினார்கள். அதற்குப் 'பறப்பன' என்று பெயர் வைத்தவர் அண்ணன். அவர் இரண்டு விதிகளும் வைத்தார். முதலாவது, கடிதத்தில் ஒட்டி ஓடின முத்திரை மட்டுமே அல்பத்துக்குள் வரலாம், ஓடாதது வெறும் படம். இரண்டாவது, விமானம் என்று வந்தால் ஒன்றையும் விலக்கக்கூடாது. "பிடிச்சதை மட்டும் ஒட்டினா அது அலங்காரம், அல்பம் இல்லை" என்பாராம். அந்த மனிதர்தான் ஒரு பகல்வேளை, தன் பட்டறை வாசலில், வானத்திலிருந்து விழுந்த குண்டில் போனார். ஊர் இடம்பெயர்ந்தபோது ரீச்சர் கொக்குவிலுக்கு எடுத்து வந்தவை இரண்டு: அண்ணனின் மனைவியான மச்சாள் தங்கமக்காவும் அந்த அல்பமும்.

இனி அந்த முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டின் விமானப்படையினுடைய வரலாற்றைப் போற்றி ஒரு நினைவு முத்திரை வெளியானது. ரீச்சரும் நானும் யாழ்ப்பாணத்துப் பெரிய தபாற் கந்தோருக்கு வேறு அலுவலாகப் போயிருந்தோம். கண்ணாடிக்குள் அதைக் கண்டு ரீச்சர் நின்றுவிட்டார். நீல வானம், அதிலே சாய்ந்து திரும்பும் ஒரு விமானம். மிக அழகாக அச்சிட்டிருந்தார்கள். "வடிவாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "அதுதான் கரைச்சல்" என்றார். ஒன்று வாங்கினார்.

வீட்டுப் படலையைத் திறக்கும்போதே தங்கமக்கா கேட்டார்: "கையிலை என்ன?" ரீச்சர் ஒளிக்கவில்லை, காட்டினார். தங்கமக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "மங்கை, இந்த வீட்டுக்குள்ளை நீர் என்னத்தையும் கொண்டு வாரும். பொம்மர் வரக்கூடாது." ரீச்சர் படலையில் நின்றபடியே முத்திரையை என்னிடம் தந்தார். "உங்கடை வீட்டிலை கிடக்கட்டும் மாஸ்டர். இது எனக்கு முத்திரை. அவவுக்குப் புருஷன்." அதை என் அகராதிக்குள் வைத்தேன். பல மாதங்கள் அங்கேயே கிடந்தது.

ரீச்சர் இரண்டில் ஒன்றைச் செய்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். மச்சாள் அறியாமல் ஒட்டலாம், அல்லது அந்த முத்திரையை மறந்துவிடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. அல்பத்தில் அதற்குரிய பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு சதுரம் கீறி, இடம் விட்டிருந்தார். பின்னால் வந்த முத்திரைகளையெல்லாம் அதைத் தாண்டியே ஒட்டினார். சித்திரை வருடப்பிறப்புக்கு வீடு துப்புரவாக்கும்போது தங்கமக்கா அந்தப் பக்கத்தைக் கண்டார்.

"இதென்ன, நடுவிலை பல்லுப் போன மாதிரி?"

"நீங்கள் வேண்டாமெண்டதின்ரை இடம், மச்சாள்."

"வேறை ஒண்டை ஒட்டுமன்."

"ஒட்டலாம். பிறகு அண்ணை சொன்ன அல்பமா அது இராது. வெறுமையாக் கிடக்கட்டும். எனக்கு அவசரமில்லை."

தங்கமக்கா இரண்டு மூன்று நாள் ஒழுங்காகக் கதைக்கவில்லையாம். ஒரு காலை புட்டு அவித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சொன்னாராம்: "ஓடின முத்திரைதானே உமக்கு வேணும்? அப்ப அது மயிலிட்டியிலை இருந்து ஓடட்டும். எங்கடை ஊர்ச் சீல் அதிலை விழவேணும். விழுந்தாப் பிறகு உள்ளுக்கு வரலாம்."

எங்கள் மூவரையும் மயிலிட்டிக்குக் கொண்டுபோன பஸ் குலுங்கிய குலுக்கலை நான் மறக்க மாட்டேன். இராணுவம் பிடித்து வைத்திருந்த ஊர் மக்களிடம் திரும்பி வந்து சில காலம்தான். புதுக் கூரைகளுக்கு நடுவே கூரையில்லாத சுவர்கள் நின்றன. தபாற் கந்தோர் ஒரு சிறிய அறை. அகராதிக்குள்ளிருந்து நான் கொண்டுவந்த முத்திரையை உறையில் ஒட்டி, கொக்குவில் விலாசத்தை ரீச்சர் எழுதினார். "உள்ளுக்கு ஒண்டும் இல்லாமல் அனுப்பினா அது கடிதமோ?" என்று தங்கமக்கா கேட்டு, பஸ் ரிக்கற்றுகள் மூன்றையும் உள்ளே போட்டு ஒட்டினார். "வந்து போனதுக்குச் சாட்சி."

தபாலதிபர் இளைஞர். ரீச்சர் அவரிடம் முத்திரை சேர்ப்பவர்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னார்: "தம்பி, ஒரு மூலையிலை, மெல்லமா, படத்திலை படாமல் குத்துங்கோ." சீல் அப்பிக் கறுத்த முத்திரையை ரீச்சர் ஒருநாளும் அல்பத்தில் வைத்தவரல்ல. வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் அனுப்பிய அரிய முத்திரைகளைக்கூட, படம் மறைந்திருந்தால் ஒதுக்கிவிடுவார். தபாலதிபர் சீல் கட்டையை மூலைக்கு நேரே பிடித்தார்.

"நில்லும்!" என்றார் தங்கமக்கா. "உதென்ன, நுளம்பு கடிக்கிற மாதிரி ஒரு மூலையிலை? நடுவிலை குத்தும், ராசா. பிளேனுக்கு மேலை. நல்லா மையைத் தோச்சுக் குத்தும்."

"அம்மா, படம் பழுதாப் போகும். சேர்க்கிறவை விரும்பாயினம்."

அவர் ரீச்சரைப் பார்த்தார். தங்கமக்காவும் பார்த்தார். ஒரு வாழ்நாள் முழுவதும் வைத்திருந்த ஒழுங்கு ஒருபுறம், அருகில் நின்ற மச்சாள் மறுபுறம். அண்ணனின் அல்பத்தில் கறுத்த முத்திரை ஒன்றுக்கு இடமுண்டா என்று அவர் மனதுக்குள் கேட்டிருப்பார் என நினைக்கிறேன். பிறகு சொன்னார்: "மச்சாள் சொல்லுற இடத்திலை குத்துங்கோ தம்பி."

மேசை அதிர்ந்தது. சீலை எடுத்தபோது நீல வானத்தின் நடுவே கறுப்பு வட்டம். விமானத்தின் இறக்கைகளுக்குக் குறுக்கே, ஓர் எழுத்தும் சிதையாமல், மயிலிட்டி என்று இருந்தது. எத்தனையோ வருடம் யாரும் கடிதம் போட முடியாமல் கிடந்த ஊரின் பெயர். நாற்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவன் நான். ஒரு நாட்டின் வரலாற்றில் எங்கள் ஊரும் தன் கையால் ஒரு சொல் எழுதியதை அன்றுதான் கண்ணால் கண்டேன். தங்கமக்கா குனிந்து பார்த்தார். "இப்ப சரி" என்றார். அப்போதுதான் அழுதார்.

கடிதம் இரண்டு நாளில் கொக்குவிலுக்கு வந்தது. தபால்காரரிடமிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோனவர் தங்கமக்காதான். பென்சில் சதுரத்தில் ரீச்சர் அதை ஒட்டினார். வழமையாக முத்திரையின் கீழே விமானத்தின் வகை, இயந்திரம், நீளம் எல்லாம் எழுதுவார். இதற்குக் கீழே ஒரு வரிதான்: 'மயிலிட்டியிலிருந்து கொக்குவிலுக்கு ஓடியது.' என்னிடம் காட்டிச் சொன்னார்: "என்ரை அல்பத்திலை பழுதான முத்திரை இது ஒண்டுதான் மாஸ்டர். திறந்தா முதல் இதைத்தான் பாக்கிறன்."

செத்தவீட்டில், பிரேதம் முற்றத்துப் பந்தலில் இருந்தபோது, பலாலியிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே வந்தது. அந்தச் சத்தத்துக்கு எங்கள் வயதுக்காரர் இன்னும் தலையைக் குனிவார்கள். தங்கமக்கா இத்தனை வருடமும் உள்ளே ஓடிவிடுவார். ரீச்சர் மட்டும் வெளியே வந்து அண்ணாந்து நிற்பார். அன்று தங்கமக்கா தலைமாட்டிலிருந்து எழும்பினார். பந்தலை விட்டு வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்து, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார். "மங்கை இருந்தா உதின்ரை பேர் சொல்லியிருப்பாள்" என்றார்.

ரீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். சத்தம் கேட்டால் நானும் இப்போது வெளியே வருகிறேன், நிமிர்ந்து பார்க்கிறேன்.