உள்ளே யாராவது இருந்தால்

சாவியைத் தொலைத்துவிட்டு, சிங்காநல்லூரில் என் வீட்டுப் பூட்டைத் திறக்க ஒருவரை அழைத்து வந்தேன். நரைத்த தலை, கசங்காத சட்டை. நான் தனியாள், உள்ளே யாருமில்லை என்று சொல்லியும் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றார். எனக்கு எரிச்சல்.

“எதுக்குங்க தட்டறீங்க?”

“சின்ன வயசுல எங்கப்பன் என்னை உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுப் போயிருவானுங்க. யாராச்சும் தட்டமாட்டாங்களான்னு கெடப்பேன். அப்புறம் ஜன்னல்ல கையை விட்டு, கம்பியில பூட்டைத் தொறக்கப் பழகுனேன். வெளிய வந்தா பசி. அதே கம்பியில அடுத்தவங்க ஊட்டையும் தொறந்துபோட்டேன். ஜெயிலுக்கும் போனேனுங்க.”

“திருடப் போனப்பவும் தட்டுவீங்களா?”

“தட்டாம எப்படிங்க? அதுலதான் மாட்டுனேன்.”

பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் சாவி கையில் இருந்தும், என் வீட்டுக் கதவை ஒரு தரம் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன்.